கொடிவழி தேடப் போகிறீர்களா? பேரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

இரண்டு வருடமாக எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஒன்றுவிட்ட சித்தப்பா யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருப்பேன், இல்லாவிட்டால் சிவகங்கைப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க்கரை அய்யனார் கோயிலில் பூசாரி வருவாரா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இதற்கு "செத்தவங்களைத் தேடுற வேலை" என்று பேர். அப்பாவழியில் ஆறு தலைமுறை போயாயிற்று, அம்மாவழி நாலோடு நிற்கிறது. போன தையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம்; அங்கே அந்தக் கொடிவழியை, அதாவது வம்சப் படத்தை, பெரிய தாளில் அச்சடித்து மாட்டினேன். பந்திக்குப் போகாமல் அதன் முன்னால் நின்று "எங்க ஐயா மூத்தவரு, நீ இளையவருன்னு போட்டிருக்க" என்று சண்டை போட்டவர்கள்தான் அதிகம். அப்புறம் அவர்களே "எங்க வீட்டுக்கும் போடணும், எங்கே ஆரம்பிக்கிறது" என்று போன் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று: ஃபேமிலிசர்ச் மாதிரி வம்சாவளி தேடும் ஒரு தளத்தைத் திறந்து தாத்தா பேரை அடித்துப் பார்ப்பது. ஒன்றும் வராது, அல்லது எல்லாம் வரும். அந்தத் தளங்கள் குடும்பப்பெயர் உள்ளவர்களுக்காகக் கட்டியவை. நமக்கு இருப்பது முன்னெழுத்து, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகிறது. கருப்பையா என்று தேடினால் சிவகங்கைச் சீமையில் பாதிப்பேர் எழுந்து நிற்பார்கள். அதனால் பேரைத் துரத்தாதீர்கள். ஊர், நிலம், குலதெய்வம் இந்த மூன்றும் இடம் மாறாது. அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் ஆட்கள் தானாக வந்து சேர்வார்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் பெரியவர்கள், அதுவும் இந்த மாதமே

காகிதம் காத்திருக்கும், பெரியத்தை காத்திருக்க மாட்டார். எங்கள் வீட்டில் மூத்தவர் பெரியத்தைதான், எண்பத்துநாலு வயது. நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்து, "உங்க மாமனாரோட அப்பா பேரு என்னத்தை?" என்று கேட்டேன். "அதெப்படிய்யா சொல்றது? பெரியவுக பேரைச் சொல்லக் கூடாதுன்னு வளத்தாக" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்குக் கணவன் பேர், மாமனார் பேர் எதுவும் வாயில் வராது. தெரியாமல் இல்லை, சொல்ல மாட்டார்கள். அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "அவுக பேரை எந்தப் பேரனுக்கு வச்சிருக்கீக?" உடனே பதில் வந்துவிட்டது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே.

நேராகக் கொள்ளுத்தாத்தா பேரைக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. நடந்த காரியங்களைக் கேளுங்கள். உங்கள் ஐயாவுக்குக் கொள்ளி வைத்தது யார்? கூட மொட்டை போட்டவர்கள் யார் யார்? எந்த வீட்டில் சாவு விழுந்தால் நமக்குத் தீட்டு உண்டு? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்று போதும், பங்காளி வகையறா முழுக்க வரிசையாக வந்துவிடும், ஏனென்றால் தீட்டுக் காப்பது பங்காளிகளுக்கு மட்டும்தான். பெண்வழிக்கு வேறு சாவி: காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது? அந்த ஊர்தான் அந்தப் பெண் பிறந்த ஊர். ஆவணங்களில் பெண்கள் பெரும்பாலும் "பெண்சாதி", "சம்சாரம்" என்ற அளவில் நின்றுவிடுவார்கள், பிறந்த ஊர் தெரியாவிட்டால் அந்தக் கிளை அங்கேயே முடிந்துபோகும்.

போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் எழுதுங்கள், பிற்பாடு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது இது உதவும். சில இடத்தில் பேச்சு சட்டென்று நிற்கும். இரண்டாவது சம்சாரம், கோர்ட்டுக்குப் போன சண்டை, ஊரை விட்டுப் போன பெண் என்று ஏதாவது இருக்கும். அங்கே தோண்ட வேண்டாம். இன்னொரு நாள் அவர்களே சொல்வார்கள், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பரணில் ஏறுங்கள்

டிரங்குப் பெட்டி, மஞ்சப்பை, பழைய பிஸ்கட் டின், எதையும் விடாதீர்கள். ஜாதகம், பத்திரம் எல்லாரும் தேடுவார்கள். மொய் நோட்டை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதிகம் கொடுத்தது அதுதான். 1958-ல் நடந்த ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டு, கோடு போட்ட நாற்பது பக்கம், வரிக்கு வரி ஊர்ப்பேர், ஆள்பேர், ரூபாய். ஊர்ப்பேரை முதலில் எழுதிவிட்டு அப்புறம்தான் ஆளை எழுதியிருக்கிறார்கள். அந்த ஊர்களை ஒரு தாளில் குறித்து எண்ணிப் பார்த்தேன். ஒரே ஊரிலிருந்து பதினோரு மொய், எல்லாம் ஐந்து ரூபாய்க்கு மேல். மற்றவர்கள் ஒரு ரூபாய், எட்டணா. அந்த ஊருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் அது அப்பத்தாவின் அம்மா பிறந்த ஊர்.

கல்யாணப் பத்திரிகையைவிடக் காரியப் பத்திரிகை நல்லது. கீழே "இப்படிக்கு" என்று மகன்கள், மருமகன்கள், பேரன்கள் வரிசை இருக்கும், யார் மூத்தவர் என்பதும் அதிலேயே தெரியும். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, சொம்பு எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள். சீர் கொடுத்த பாத்திரத்தில் பெண்ணின் பேரையோ பிறந்த வீட்டு முன்னெழுத்தையோ ஊரையோ புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அரிசி கொட்டி வைத்திருந்த ஒரு தவலையின் கழுத்தில் அப்படி ஒரு பேர் இருந்தது, அறுபது வருடமாக அதன்மேல் யாரும் புளி போட்டுத் தேய்க்கவில்லை.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். பள்ளியில் சேர்க்க வயது வேண்டுமே என்று வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிடுவார். அந்தக் காலத்துச் சான்றிதழ்களை வைத்துப் பார்த்தால் நம் ஊரில் பாதிப்பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். அரசாங்கப் பிறப்புப் பதிவேடுகளிலும் ஒரு சிக்கல்: பழைய பதிவுகளில் குழந்தைக்குப் பேர் இருக்காது, ஆண் குழந்தை, பெண் குழந்தை என்பதோடு சரி. தகப்பன் பேரையும் ஊரையும் கொண்டுதான் தேட வேண்டும், அதாவது மறுபடியும் ஊர்.

ஜாதகத்தை எப்படிப் படிப்பது

ஜோசியத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஜாதகம் ஒரு பிறப்புச் சான்றிதழ். தமிழ் வருடப் பேர், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், கிரக நிலை எல்லாம் இருக்கும். சிக்கல் என்னவென்றால் தமிழ் வருடம் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. என் பூட்டன் (தாத்தாவின் அப்பா) ஜாதகத்தில் விகிருதி வருடம் வைகாசி என்று இருந்தது. விகிருதி 1890-ல் வந்தது, 1950-ல் வந்தது, 2010-லும் வந்தது. பூட்டனுக்கு 1890 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஆனால் அதே பெட்டியில் அதே பேரில் இன்னொரு ஜாதகம் இருந்தால்? எங்கள் வீட்டில் இருந்தது.

அப்போது கட்டத்தைப் பாருங்கள். சனியும் குருவும் இந்த இடத்தில் அதிகம் உதவ மாட்டார்கள். சனி சுமார் முப்பது வருடத்தில் ஒரு சுற்று, குரு சுமார் பன்னிரண்டு வருடத்தில் ஒரு சுற்று, ஆகவே அறுபது வருடம் கழித்து இருவரும் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள். 1890 வைகாசியிலும் சனி சிம்மம்தான், 1950 வைகாசியிலும் சிம்மம்தான். குரு மட்டும் மகரத்திலிருந்து கும்பத்துக்கு ஒரு கட்டம் தள்ளுவார். காட்டிக்கொடுப்பவர் ராகு. அவருக்கு ஒரு சுற்று பதினெட்டரை வருடம், அறுபதுக்குள் சரியாக அடங்காது. 1890 வைகாசியில் மிதுனத்தில் இருந்த ராகு 1950 வைகாசியில் மீனத்தில் இருப்பார், மூன்று கட்டம் பின்னால். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு ஜாதகச் செயலியில் இரண்டு வருடத்தையும் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிழமையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஒத்துப்போனால் தேதியே உறுதி.

இதோடு சேர்த்து இன்னும் இரண்டு கணக்கு. நிலத் தாளில் பசலி (வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்கு) என்று இருந்தால் 590 கூட்டுங்கள்; பசலி 1300 என்பது 1890 ஜூலையில் ஆரம்பித்து 1891 ஜூனில் முடியும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும், அதற்கு மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

பத்திரம்தான் பொக்கிஷம்

ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னாருக்கு, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம் என்னவென்றால் என்று ஆரம்பிக்கும். முதல் வாக்கியத்திலேயே இரண்டு தலைமுறை, இரண்டு ஊர் கிடைத்துவிட்டது. அடுத்து, இந்தச் சொத்து எனக்கு எப்படி வந்தது என்று வரும்: பிதுரார்ஜிதம் (தகப்பன்வழி வந்தது), பாகத்தில் கிடைத்தது, இன்னாரிடம் வாங்கியது. இதுவே அடுத்த பத்திரத்துக்கு வழி. அப்புறம் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு பகுதி, செக்குபந்தி. இதற்கு வடக்கு இன்னார் நஞ்சை, தெற்கு வாய்க்கால், கிழக்கு இன்னார் புஞ்சை என்று நான்கெல்லை சொல்வார்கள். ஒரு காலத்தில் ஒரே துண்டாக இருந்த நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்திருந்தால், எல்லைக்காரர்கள் யார்? பங்காளிகள். இப்படி இரண்டு எல்லைக்காரர்களைப் பிடித்துத்தான் என் பூட்டனுக்கு இரண்டு தம்பிகள் இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் சாட்சிகள், அதில் மச்சினன் ஒருத்தர் எப்படியும் இருப்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கீறல் போட்டிருப்பார், பக்கத்தில் இது இன்னார் கீறல் என்று எழுதியவர் குறித்திருப்பார். தற்குறி என்று திட்டுகிறோமே, அது தன் குறியைப் போடுகிறவர் என்ற பொருளில் பத்திரத்திலிருந்து வந்த சொல்தான். என் முன்னோர் மூன்று பேர் தற்குறிகள், அந்தக் கீறல்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பத்து நாளில் பழகிவிடும். ௸ என்று இருந்தால் மேற்படி. ௴ மாதம், ௵ வருடம், ௳ தேதி. எண்கள் தமிழில் இருக்கும்: ஒன்று க மாதிரி, இரண்டு உ மாதிரி, நாலு ச மாதிரி, ஏழு எ, எட்டு அ. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி உண்டு, ஆகவே 1894 என்பதை ௲௮௱௯௰௪ என்று எழுதியிருப்பார்கள்.

இதில் நான் முட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் பதிவாகாத ஒரு கிரயச் சீட்டு இருந்தது. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் இப்படி நிறைய உண்டு. மடிப்பில் மை கலைந்திருந்தது, வருடத்தை ௲௯௱௪௰௨ என்று படித்தேன், 1942. எழுதிக்கொடுத்தவர் பேர் தாத்தா பேர், தகப்பன் பேரும் சரி. தாத்தா 1942-ல் நிலத்தை விற்றிருக்கிறார் என்று முடிவு கட்டி, அந்தப் பணம் என்ன ஆனது, எந்த ஊருக்குப் போனார் என்று நாலு மாதம் அலைந்தேன். எங்கள் வீட்டில் தாத்தா பேரும் தாத்தாவின் தாத்தா பேரும் ஒன்று. தாத்தாவின் அப்பா பேரும் அவருடைய தாத்தா பேரும் ஒன்று. பேரனுக்குத் தாத்தா பேரை வைத்துக்கொண்டே போனால் "இன்னார் குமாரர் இன்னார்" என்ற வரி ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அச்சு மாறாமல் திரும்பி வரும், தகப்பன் பேரை வைத்தும் பிரிக்க முடியாது! கடைசியில் காட்டிக்கொடுத்தது முத்திரைத்தாளில் இருந்த ராஜா. தாடி வைத்திருந்தார். தாடிக்காரர் ஐந்தாம் ஜார்ஜ், அவர் 1936-லேயே செத்துப்போனார்; 1942-ல் இருந்த ஆறாம் ஜார்ஜுக்குத் தாடி கிடையாது. மறுபடியும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அது ௪ இல்லை, ௨. வருடம் 1922, விற்றவர் தாத்தாவின் தாத்தா. அன்றிலிருந்து பேரோடு சேர்த்து முதலாமவர், இரண்டாமவர் என்று எண் போட்டுத்தான் எழுதுகிறேன்.

சரி, வீட்டில் பத்திரமே இல்லை என்றால்? சார்பதிவாளர் அலுவலகம். நிலம் இருந்த கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். இணையத்தில் ஏற்றப்படாத பழைய காலத்துக்கு மனுப் போட்டு, கட்டணம் கட்டி, கையால் தேடச் சொல்ல வேண்டும். பதிவுச் சட்டம் 1908-ன் 57-ஆம் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1-ஆம் புத்தகத்தில் உள்ள அசையாச் சொத்துப் பதிவுகளையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். அட்டவணை இரண்டு: ஒன்று ஆள் பேர் வரிசை, இன்னொன்று சொத்து வரிசை. உயில் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும், எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும். நான் போன ஓர் அலுவலகத்தில் "அதெல்லாம் உங்களுக்குத் தர மாட்டோம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை பிரிவு எண்ணைப் போட்டு மனு எழுதிக்கொண்டு போனேன், பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை, முகூர்த்த நாள் பக்கம் போகாதீர்கள், உங்களைக் கவனிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

எல்லாவற்றிலும் நல்லது பாகப்பிரிவினைப் பத்திரம். அதைவிட நல்லது பாகப்பிரிவினை வழக்கு. சொத்துக்குச் சண்டை போட்ட குடும்பத்துக்குக் கோர்ட்டு வாதப்பிரதியில் கொடிவழிப் படமே போட்டு வைத்திருப்பார்கள். உங்கள் முன்னோர் அடித்துக்கொண்டிருந்தால் சந்தோஷப்படுங்கள்.

வருவாய்த்துறைப் பக்கம் ஒன்று மட்டும் கவனியுங்கள். சிவகங்கை, ராமநாதபுரம் மாதிரி ஜமீனாக இருந்த சீமைகளில் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்தான் ரயத்துவாரி செட்டில்மெண்ட் (அரசே நேரடியாக நிலக்காரர்களுக்கு வரி போடும் ஏற்பாடு) வந்தது. அங்கே அதற்கு முந்தைய அ-பதிவேடு (கிராமத்து நிலப் பதிவேடு) தேடி அலையாதீர்கள், பெட்டியில் ஜமீன் பட்டாவோ முச்சலிக்காவோ (குடியானவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம்) இருக்கிறதா என்று பாருங்கள். மாறாக, முன்னோர் இனாம் நிலம் (வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ மானியமாகக் கொடுத்தது) வைத்திருந்தால் யோகம்தான். கோயில் ஊழியம், கணக்கு வேலை, ஊர்த் தொழில் என்று பல வகையாருக்கும் இனாம் இருந்தது. 1860-களில் இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளில் யாருக்கு முதலில் கொடுத்தது, இப்போது வைத்திருப்பவர் அவருக்கு என்ன முறை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டியது இதைத்தான். தாலுகா, கிராமம் பேர் கையில் இல்லாமல் அங்கே போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

குலதெய்வக் கோயிலும் வரி நோட்டும்

ஊரே தெரியாதவர்களுக்குக் குலதெய்வம்தான் முகவரி. மூன்று தலைமுறையாகச் சென்னையில் இருக்கும் குடும்பமும் முதல் மொட்டைக்கு எங்கோ ஒரு கருப்பர் கோயிலுக்குப் போயிருக்கும். அந்த ஊர் எது என்று கேளுங்கள். மகா சிவராத்திரிக்கு அங்கே போங்கள், வருடம் பூராவும் அலைந்தாலும் பார்க்க முடியாத பங்காளிகளை ஒரே ராத்திரியில் பார்க்கலாம். கோயில் வரி வசூலிக்கும் நோட்டில் தலைக்கட்டு வாரியாகப் பேர் இருக்கும். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு என்பதால், எந்த வருடம் ஒருவர் பேர் புதிதாக வந்தது என்று பார்த்தால் அவருக்குக் கல்யாணம் ஆன காலம் தோராயமாகத் தெரியும், எந்த வருடம் காணாமல் போனது என்று பார்த்தால் இறந்ததோ ஊரை விட்டதோ தெரியும். பூசாரிக்கு ஒரு வேட்டி துண்டு எடுத்துக்கொண்டு போவது உங்கள் மரியாதை.

ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தனி வழி உண்டு. நகரத்தார் என்றால் ஒன்பது கோயில், புள்ளிக் கணக்கு (கல்யாணமானவர்களின் கணக்கு), கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்). கொங்குப் பக்கம் கூட்டமும் (குலப் பிரிவு) அதற்குரிய காணிக்கோயிலும். கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடு, கத்தோலிக்கர் என்றால் ஞானப்பெற்றோர் பேரும் சேர்த்து, அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். இஸ்லாமியர் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டையும் மையவாடியில் (அடக்கத்தலம்) எழுத்துள்ள மீஸான் கற்களையும் (கல்லறைக் கற்கள்) பாருங்கள். உங்களுக்கு எது பொருந்துமோ அந்த வாசலில் முதலில் நில்லுங்கள்.

கிட்டத்து தலைமுறைக்கு வாக்காளர் பட்டியலை மறக்காதீர்கள். 2025 கடைசியில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது 2002, 2005 பட்டியல்களை எல்லாரும் தேடினார்களே, அதில் வீட்டு எண், தகப்பன் அல்லது கணவர் பேர், வயது எல்லாம் இருக்கிறது. 2002-ல் எண்பது வயது என்று இருந்தால் ஆள் 1922 வாக்கில் பிறந்தவர்.

கடல் தாண்டிப் போனவர்கள்

தாத்தாவின் அண்ணன் ஒருவர் "கொழும்புக்குப் போனார், வரவில்லை". இந்த வாக்கியம் இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் இல்லை. கொழும்பு என்றால் கொழும்பு இல்லை, பெரும்பாலும் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பேர், கங்காணி (ஆள் சேர்த்துக் கூட்டிப்போய் வேலை வாங்கியவர்) பேர், எந்த டிவிஷன் என்று எதையாவது கேட்டு வாங்குங்கள். கங்காணி தன் ஊர் ஆட்களைத்தான் கூட்டிப்போனார், ஆகவே கங்காணி ஊர் தெரிந்தால் உங்கள் ஊர் பக்கத்தில்தான். இலங்கையில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள், அதில் பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பேர், பிறந்த ஆண்டு, இடம் எழுத ஒரு கட்டம் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டம் கேட்ட விவரம் அது. மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானது அந்தச் சட்டத்தால்தான், அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதும் ஒரு தகவல். 1964 அக்டோபரில் இந்த நாடற்றவர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஆகி, அதன்படி இந்தியா திரும்பியவர்கள் என்றால் குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், மண்டபம் முகாம் சீட்டு ஏதாவது வீட்டில் இருக்கும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் குடியேறிய குடும்பங்களில் இதையெல்லாம் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு நிலைமை இன்னும் நல்லது, வெள்ளைக்காரன் ஆளை எண்ணி எழுதி வைத்தான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஓர் எண், பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை இருக்கும். மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் பதிவேடுகள் இருக்கின்றன, ஒரு காலத்துக்குப் பிறகு போனவர்களின் புகைப்படத்தோடு. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் ஆள் ஏற்றினார்கள். அங்கிருந்து இங்கே வேர் தேடி வருகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஊர்ப்பேரைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். அப்படிச் சத்தமாகச் சொல்லி, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

எழுதி வைக்கிற விதம்

கொடிவழி எழுத கிராம்ப்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, கணினியில் போட்டுக்கொள்ளலாம், தகவல் உங்களிடமே இருக்கும். எதில் எழுதினாலும் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் தகப்பன் பேரைப் போடாதீர்கள், அது ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறி மரத்தையே குழப்பிவிடும். நான் அங்கே வகையறாப் பேரைப் போடுகிறேன், அது இல்லாதவர்கள் ஊரைப் போடலாம். அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டியிருப்பார்கள், ஒரே ஆள் படத்தில் இரண்டு இடத்தில் வருவார். அவரை இரண்டு முறை புதிதாகப் பதிந்துவிடாமல் ஏற்கெனவே உள்ளவரோடு இணையுங்கள். படம் மரம் மாதிரி விரியாமல் வலை மாதிரி பின்னிக்கொண்டு வரும், அது தப்பில்லை, நம் குடும்பம் அப்படித்தான்.

ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள், பின்பக்கத்தில்தான் முத்திரை விற்றவர் பேரும் தேதியும் இருக்கும். பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். தெரியாததை யூகத்தில் நிரப்பாமல் கேள்விக்குறி போட்டு விடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, அம்மா பேர் இதையெல்லாம் இணையத்தில் ஏற்றாதீர்கள். பழைய பத்திரங்களில் சாதிப் பேர் வெளிப்படையாக இருக்கும், வாட்ஸப் குழுவில் போடும் முன் ஒரு முறை யோசியுங்கள். டிஎன்ஏ பரிசோதனை கேட்கிறார்கள். மலேசியா, தென்னாப்பிரிக்கா என்று சிதறிப்போன குடும்பத்துக்கு ஒருவேளை தூரத்துச் சொந்தம் கிடைக்கலாம், ஊரிலேயே இருப்பவர்களுக்கு அந்தக் காசுக்குப் பத்து நகல் பத்திரம் வாங்கலாம் என்பது என் கட்சி.

எனக்கு இன்னும் தேங்கி நிற்பது அம்மாவழி. நாலாவது தலைமுறைப் பாட்டி எந்த ஊர்ப் பெண் என்று தெரியவில்லை. பரணில் பாத்திரம் இல்லை, பத்திரத்திலும் பேர் இல்லை. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கோயிலில் 1930-களிலிருந்து வரி நோட்டு இருக்கிறதாம், பீரோச் சாவி காரைக்குடியில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் இருக்கிறதாம், அவர் சிவராத்திரிக்கு மட்டும்தான் ஊருக்கு வருவாராம். மாசிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.